வர்ணத்துக்கு முன் மண்ணெண்ணெய்

பழைய மூக்கு லாரிகளுக்குத் திடீர் மவுசு வந்திருக்கிறது. காயலான் கடைக்குப் போக வேண்டிய டாடா 1210 ஒன்றை வாங்குகிறார்கள். முன் அச்சையும் ஸ்பிரிங் பட்டைகளையும் கழற்றிப் புதிது மாட்டி, பவர் ஸ்டியரிங் வைத்து, சேஸை மொட்டையாக உரித்துப் பளபளவென்று கறுப்பு அடித்து, சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் நான்குவழிச் சாலையை ஒட்டிய பட்டறைகளில் வேலை பார்க்கும் பையன்கள் கைப்பேசியில் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். வண்டி கொண்டுவருகிற முதலாளியும் அதையே நீட்டி, இதுபோல வேண்டும் என்கிறார். குறை சொன்னால் வருகிற பதில் ஒன்றுதான். பழைய லாரி ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறோம், அதைப் போய்க் குறை சொல்லலாமா என்று கேட்கிறார்கள். காப்பாற்றியிருக்கிறோம் என்ற அந்தப் பேச்சைத்தான் நான் ஏற்கவில்லை.

மவுசுக்குக் காரணம் விளங்காமல் இல்லை. 1954ல் டாடாவின் டெல்கோவும் பென்ஸும் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டத் தொடங்கின. 1969ல் உடன்பாடு முடிந்துபோன பிறகும் நம் பக்கத்தில் டாடா லாரிக்குப் ‘பென்ஸ் வண்டி’ என்ற பேர் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 1948ல் ஆஸ்டின் கார் கட்டுவதற்காகப் பிறந்த அசோக் மோட்டார்ஸ் 1955ல் அசோக் லேலண்ட் ஆகி, எண்ணூரிலிருந்து காமெட் லாரிகளைத் தெற்கத்திச் சாலையெல்லாம் ஓடவிட்டது. சிவகாசித் தீப்பெட்டியும் பட்டாசும், விருதுநகர் எண்ணெயும் மல்லியும் வத்தலும், தூத்துக்குடி உப்பும் ரயிலுக்கு அடுத்தபடி இந்த இரண்டு வண்டிகளின் முதுகில்தான் வடக்கே ஏறின. இவற்றை உலையில் போட்டு உருக்குவதைவிட ஓடவைப்பது நல்லது. அதில் எனக்கு மறுப்புக் கிடையாது.

முன்பக்க மாற்றத்தையும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். பவர் ஸ்டியரிங் இல்லாத லாரியை லோடோடு சந்தில் திருப்பியவருடைய தோள்பட்டைக்கு அதன் அருமை தெரியும். பழைய பட்டைக்கட்டில் அடுக்கடுக்கான பட்டைகள் ஒன்றையொன்று உரசும். சின்னக் குழிகளில் அந்த உராய்வே கட்டை அசையவிடாமல் பிடித்துக்கொள்ள, அதிர்ச்சி முழுதும் ஓட்டுநரின் இடுப்புக்கு வந்துசேரும். பரபோலிக் பட்டைக்கட்டில் இரண்டு மூன்று பட்டைகள்தான். நடுவில் தடித்து நுனியில் மெலிந்து, ஒன்றையொன்று தொடாமல் வளைகின்றன. எடை குறைவு, ஓட்டம் மெத்தென்று இருக்கிறது. கிங்பின் தேய்ந்து ஆடுகிற அச்சைவிடப் புது அச்சு மேல். பெரிய டிரம் வைத்த பிரேக்கும் மேல்.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பட்டை வளையும்போது முன் அச்சு, பட்டையின் நிலைத்த காதை மையமாக வைத்து ஒரு வளைவில் போய் வரும். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் டிராக் லிங்க் தனக்கென்று இன்னொரு வளைவில் போகும். இரண்டும் கூடியமட்டும் ஒத்துப்போகும்படி கணக்குப் பார்த்துத்தான் பிராக்கெட்டின் இடத்தைத் தொழிற்சாலையில் வைத்தார்கள். பட்டறையில் பிராக்கெட்டை நாலு விரற்கடை நகர்த்தினாலோ, பட்டையின் வளைவை மாற்றினாலோ அந்தக் கணக்கு குலைகிறது. பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பும். அலைன்மென்ட் எத்தனை முறை பார்த்தாலும் அது போகாது. இது தெரிந்த மெக்கானிக் கையில் வேலை போனால் பழுதில்லை என்பதால் இதை நான் பெரிய குற்றமாக எடுக்கவில்லை.

ஆனால் முன்பக்கத்தைத் தொட்டவர் சேஸையும் தொட்டவர் ஆகிறார், அதைத்தான் யாரும் நினைப்பதில்லை. அமெரிக்காவில் இந்த மோகம் பழையது. 1974லிருந்து 1978 வரை வந்த மஸ்டாங் II என்ற சின்னக் காரின் முன்பக்க அமைப்பை ஃபோர்டு எஃப்-100 பிக்கப்பில் வெட்டிப் பொருத்துவது அங்கே பல காலமாக நடக்கிறது. அப்படிப் பொருத்திய வண்டிகளில் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு. அதே அமெரிக்காவில், 1973க்கும் 1987க்கும் இடையில் வந்த ஷெவ்ரலே நான்குசக்கர இயக்கப் பிக்கப்புகளில் ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேஸ் விரிசல் விடுவது ஊரறிந்த நோய். அந்த இடத்தில் வைத்து ஒட்டுவதற்கென்றே தகடு கடையில் விற்கிறார்கள். காரணம் எளிது. கையால் திருப்பும் ஸ்டியரிங்கில் சேஸுக்குப் போகும் திருப்பு விசைக்கு மனிதக் கையின் பலமே எல்லை. பவர் ஸ்டியரிங்கின் பம்ப் களைப்பதில்லை. வண்டி நிற்கும்போதே சக்கரத்தைத் திருப்பினால் அந்த விசை முழுதும் பாக்ஸைப் பிடித்திருக்கும் நாலைந்து போல்ட்டு வழியாகச் சட்டத்துக்குள் இறங்குகிறது. ஐம்பது வருடம் கைவலிமைக்கு மட்டும் ஈடுகொடுத்த சட்டம் அது. புது அச்சையும் புது ஸ்டியரிங்கையும் தாங்குமா என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை எழுதியிருக்கிற பக்கத்தின் மேல்தான் கறுப்பு வர்ணத்தை அடிக்கிறார்கள்.

என் மறுப்பு முழுக்க அந்த வர்ணத்தின் மேல். பல வருடங்களாக இதைச் சொல்லி வருகிறேன், மோகம் வளர வளர இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லாரியின் சேஸ் என்பது மடித்த எஃகுத் தகட்டால் ஆன இரண்டு நீளச் சட்டங்களும் அவற்றை இணைக்கும் கிராஸ் மெம்பர்களும். ரிவிட் அடித்துப் பிணைத்தது. வெல்டிங் வைக்காததற்குக் காரணம் உண்டு. வண்டி முறுகும்போது ரிவிட் இணைப்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். வெல்டு விட்டுக்கொடுக்காது, ஓரத்தில் கிழியும். சட்டத்தின் மேல் கீழ் மடிப்புகளில் துளை போடாதே, வெல்டு வைக்காதே என்று தயாரிப்பாளர்களின் கையேடுகள் சொல்வது இதனால்தான். ஓடிய வருடங்களில் எந்தச் சட்டமும் தன் கதையைத் தன் மேலேயே எழுதிக்கொள்கிறது. தளர்ந்த ரிவிட்டின் தலையைச் சுற்றிச் செம்பொடி கசிந்திருக்கும். முன்பட்டைப் பிராக்கெட்டின் பின்விளிம்பிலும், வலுத்தகடு முடிகிற இடத்திலும், கேபினுக்குப் பின்னாலும் மயிரிழை விரிசல் ஓடியிருந்தால், அதன் வாயில் துரு ஒரு கோடாகத் தெரியும். யாரோ ஒரு காலத்தில் ஓவர்லோடு தாங்கட்டும் என்று வைத்த ஒட்டுத்தகட்டின் வெல்டு தெரியும். பட்டறையில் வளர்ந்த கண்ணுக்கு இவை போதும். சட்டத்தின் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்து, சுத்தியால் ரிவிட்டைத் தட்டி, சத்தத்தில் இறுக்கம் தெரிந்துகொள்கிற பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் துடைத்துவிடுகிறது பெயின்ட். சேஸை உரித்தார்கள் என்கிறார்களே, உரித்ததும் பார்த்தார்களா? படங்களைப் பாருங்கள். துருவோடு ஒரு படம், அடுத்த படத்திலேயே கறுப்புப் பளபளப்பு. இடையில் வெற்று இரும்பு நின்ற அந்த அரை நாள்தான் ஒரு சேஸின் வாழ்க்கையிலேயே முக்கியமான நேரம். அதைப் படமாகப் போடுகிறவர் அநேகமாக யாருமில்லை. பள்ளங்களில் பட்டி வைத்துத் தேய்த்துச் சமப்படுத்துகிற வழக்கமும் வந்திருக்கிறது. கதவுக்கும் பானெட்டுக்கும் பட்டி பார்ப்பது முறை. சேஸில் இருக்கிற பள்ளம் இரும்பு தின்னப்பட்ட இடம், அங்கே பட்டி வைப்பவர் மெலிந்த தகட்டைத் தடித்த தகடாகக் காட்டுகிறார். விற்பதற்கு முதல்வாரம் விரிசல் விட்ட சுவரில் சுண்ணாம்பு அடிக்கிற வீட்டுக்காரருடைய வேலை இது.

துருவிலிருந்து காப்பதற்குத்தானே அடிக்கிறோம், தொழிற்சாலையே பெயின்ட் அடித்துத்தானே அனுப்பியது என்பார்கள். தொழிற்சாலை புது இரும்புக்கு அடித்தது, மெல்லிசாக அடித்தது. பட்டறை அடிப்பது உப்பும் மண்ணும் உண்ட இரும்புக்கு. இந்த மாவட்டத்து லாரிகளில் எத்தனையோ வண்டிகள் ஒரு காலத்தில் தூத்துக்குடி உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றியவை. உப்பு, இரும்பின் நுண்குழிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் கம்பி பிரஷ்ஷுக்கு வராது. நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, மணல் பிளாஸ்டிங் செய்து, மறுபடி கழுவ வேண்டும். அப்படிச் செய்யாமல் மேலே பூசினால், பூச்சு வழியாக ஈரத்தை அந்த உப்பே உள்ளே இழுக்கும். கொப்புளம் கிளம்பும், கொப்புளத்துக்கு அடியில் துரு முன்பைவிட வேகமாகத் தின்னும். பவுடர் கோட்டிங் இன்னும் மோசம். ஒரு கல் தெறித்துச் சில்லு பெயர்ந்தால் போதும், அதன் வழியாக ஈரம் பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும், மேலே பார்த்தால் எல்லாம் முழுசாக இருக்கும். அருப்புக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணோ சட்டத்தின் மடிப்புக்குள் அப்பிக்கொண்டு மழை விட்டுப் பல நாள் ஆகியும் ஈரம் விடாது. நீர் வடியும் துளைகளை அடைத்துப் பெயின்ட் அடித்த சேஸ்களை நான் பார்த்திருக்கிறேன்.

தடித்த பூச்சுக்கு இன்னொரு தீங்கும் உண்டு. பட்டைக் கட்டை அச்சோடு இறுக்குவது யூ போல்ட். இறுக்கத்தில் ஒரு நூல் குறைந்தாலும் கட்டு நகரும், சென்டர் போல்ட் வெட்டும், அச்சு பின்னால் போகும். பட்டை உட்காரும் இடத்திலும் பிராக்கெட் பொருந்தும் முகத்திலும் பெயின்ட்டைத் தடித்து அடித்து அதன் மேல் போல்ட்டை இறுக்கினால், ஓட ஓட நசுங்கிப் பிதுங்குவது பெயின்ட், தளர்வது போல்ட். புது முன்பக்கத்துக்கு லட்சக்கணக்கில் கொட்டியவர், அதைப் பிடித்திருக்கும் இறுக்கத்தைப் பளபளப்புக்காக விட்டுக்கொடுக்கிறார்.

பேட்டரியின் நெகட்டிவ் கம்பி சேஸில்தான் பூட்டப்படுகிறது. அந்த இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட்டுப் பூட்டாவிட்டால், ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் வேறு வழி தேடும். கேபிள் வழியாகவோ பேரிங் வழியாகவோ போகும், தளர்ந்த தொடுப்பில் பொறி விடும். வேறு ஊரில் இது ஒரு சின்ன எலக்ட்ரிக் தொல்லை. சிவகாசியில் அப்படி இல்லை. ஆடிப்பெருக்கு கழிந்து தீபாவளிச் சரக்கு ஏறத் தொடங்கினால் இங்கே லாரி நிற்பது பட்டாசு கோடவுன் வாசலில். ஆணி அடித்த செருப்போடு உள்ளே விடமாட்டார்கள், இரும்புக் கருவிக்கு இடம் கிடையாது. அவ்வளவு கவனத்தோடு கட்டிய மருந்தை, எர்த் சரியில்லாத வண்டியில் ஏற்றுவது என்ன நியாயம்? அலங்கரித்த வண்டியெல்லாம் கண்காட்சிக்கே போகும் என்று சொல்லாதீர்கள். இரண்டு கை மாறினால் அதுவும் லோடு வண்டிதான்.

சிலர் கறுப்புக்குப் பதில் வெள்ளி நிறம் அடிக்கிறார்கள். அந்த நிறத்தைத் தருவது அலுமினியப் பவுடர். அதன் குணத்தைச் சிவகாசிக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, பட்டாசுக்குள் வெள்ளை ஒளி விடுவதும் அதுதான். துரு என்பது இரும்பு ஆக்சைடு. துருவின் மேல் அலுமினியம் படிந்திருக்க, அதை ஓங்கித் தட்டினால், அந்த ஆக்சிஜனை அலுமினியம் பறித்துக்கொண்டு கடும் சூட்டோடு பொறி கிளம்பும். தண்டவாளத்தை ஒட்டவைக்க ரயில்வே பயன்படுத்தும் தெர்மிட் வினையும் இதே. நிலக்கரிச் சுரங்கங்களில் அலுமினியம் கலந்த லேசு உலோகங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது இந்தப் பொறியால்தான். சரியாக உரித்த இரும்பில் நல்ல பிரைமரோடு அடித்தால் ஆபத்து மிகக் குறைவு என்பது உண்மை. துருவை உரிக்காமல் மேலே வெள்ளியைத் தெளித்துவிட்டு, பிறகு அதே சட்டத்தில் சுத்தியல் போடுகிற பட்டறையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சட்டப்படி பார்த்தாலும் இந்தப் பூச்சு நிற்காது. பேர் மாற்றத்துக்கும் கடனுக்கும் நாம் சேஸ் நம்பரின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுக்கிறோம். பிளாஸ்டிங்கில் அரைபட்டு, மேலே மூன்று கை பெயின்ட் விழுந்த நம்பரில் என்ன பிரிண்ட் வரும்? எண் தெளிவில்லாத சேஸ் திருட்டு வண்டிச் சந்தேகத்துக்கு உரியது. தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 1988ன் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2021ல் பழமை வண்டிகளுக்காக மத்திய அரசு கொண்டுவந்த விதி இருசக்கர, நான்குசக்கர வண்டிகளைப் பற்றியது. அங்கேகூட 50 வருடத்தைக் கடந்திருப்பதோடு, சேஸும் பாடியும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். ‘காப்பாற்றினோம்’ என்பவர்கள் எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறார்கள்?

தகுதிச் சான்றான எஃப்.சி.க்கு முதல்நாள் வண்டிக்குப் பெயின்ட் அடிப்பது நம் ஊரில் சடங்காகவே ஆகிவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் கீழே குனிந்து பார்த்தால் ஈரம் காயாத கறுப்புதான் தெரியும். அந்தக் கெட்ட பழக்கத்துக்குக் கௌரவம் கொடுத்ததுதான் இந்தப் புது மோகம் செய்த பெரிய கேடு. முன்பு அவசரத்தில் மறைத்தார்கள், இப்போது அதற்குக் கலை என்று பேர் வைத்து, பரிசும் கைதட்டலும் எதிர்பார்க்கிறார்கள். கண்காட்சிகளில் மதிப்பெண் போடுகிறவர்களும் சேஸின் அடியில் முகம் தெரிகிறதா என்று பார்க்கிறார்களே ஒழிய, சட்டம் நேராக இருக்கிறதா, ரிவிட் எல்லாம் அசலா என்று கேட்பதில்லை. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012ல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனம், செய்த மாற்றத்தையெல்லாம் பதிவுசெய்து வைக்கச் சொல்கிறது. நம் மேடைகளில் அதைக் கேட்டு வாங்குகிற நடுவரைக் காணோம்.

மாற்று ஒன்றும் பெரிய செலவில்லை. உரித்த சட்டத்தில் மண்ணெண்ணெயைத் தடவி ஒரு மணி நேரம் விட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, சாக்கட்டிப் பொடியைப் பூசுங்கள். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் மேலேறி வெள்ளையில் கறுத்த கோடாக எழும். பிராக்கெட், ஸ்டியரிங் பாக்ஸ், கிராஸ் மெம்பர் முனைகள் எல்லாவற்றிலும் இதைச் செய்ய ஒரு நாள் போதும். விரிசல் கண்டால் அதன் நுனியில் சிறு துளை போட்டு நிறுத்திவிட்டு, உள்ளூரில் ஒட்டுப்போடாமல் தெரிந்தவரைக் கேளுங்கள், அல்லது அந்தச் சட்டத்தை விட்டுவிடுங்கள். குறை இல்லை என்றால் மெல்லிய பிரைமரும் அதன் மேல் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரே கையும் போதும். பந்தயக் கார்களின் சட்டத்துக்கு வெளிர் நிறம் அடிப்பது விரிசல் தெரிய வேண்டும் என்பதற்காக. கறுப்பில் அது தெரியாது. போல்ட் உட்காரும் முகங்களையும் எர்த் இடத்தையும் சேஸ் நம்பரையும் தொடாமல் விட்டு, கிரீஸ் தடவி வையுங்கள்.

பெயின்ட் அடிக்குமுன் எடுத்த படங்களை, இந்தச் சாக்கட்டிப் பொடியின் படத்தையும் சேர்த்து, ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். வாங்குகிறவர் அவற்றைக் கேட்க வேண்டும். ‘உரித்தோம், ஆனால் படம் எடுக்கவில்லை’ என்று விற்பவர் சொன்னால், அந்த லாரியை எவ்வளவு குறைந்த விலைக்கும் வாங்காதீர்கள்.